“இன்னும் எத்தனை வருஷம்தான் படிப்பே?” என்று கேட்கும் வீட்டோடு ஒத்துப்போவது எப்படி?

கேள்வியின் சுருக்கம்: சிங்கப்பூரில் உள்ளூர் மருத்துவக் கல்லூரியில் நான்காம் ஆண்டு மாணவி, வயது 23. அறுவைச் சிகிச்சைத் துறையில் நிபுணராக ஆசை. அப்பா தனியார் வாடகை கார் ஓட்டுகிறார், அம்மா பாலர் பள்ளியில் சமையல் வேலை, தம்பி தேசிய சேவையில். “டாக்டர் ஆயிட்டா போதும். ஒரு கிளினிக்ல உட்காரு, கல்யாணத்தை முடி. 35 வயசு வரைக்கும் படிச்சிக்கிட்டே இருப்பியா?” என்று அப்பாவும் பெரியப்பாவும் சொல்கிறார்கள். வாரம் ஒரு சண்டை. எப்படிச் சமாளிப்பது?

முதலில் பெரியப்பா சொல்லும் வழியை எடுத்துக்கொள்வோம். அந்த வழி இப்போதைக்கு உங்களுக்குத் திறந்தே இல்லை. இங்குள்ள மருத்துவக் கல்லூரியில் அரசாங்க மானியத்தோடு சேர்ந்தவர்கள், படிப்பு முடிந்ததும் பொதுத்துறையில் வேலை செய்வதாகச் சேரும்போதே ஒப்பந்தம் போட்டிருப்பார்கள். எம்பிபிஎஸ் படிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு அது 5 ஆண்டு. அந்தக் காலத்தில் தனியார் கிளினிக்கில் போய் உட்கார முடியாது. ஒப்பந்தத்தை முறித்தால் கட்ட வேண்டிய ஈட்டுத்தொகை ஒரு நடுத்தரக் குடும்பம் நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல. ஆக, மேற்பயிற்சி எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அடுத்த சில ஆண்டுகள் நீங்கள் இருக்கப்போவது பொது மருத்துவமனையிலோ பாலிகிளினிக் எனும் பலதுறை மருந்தகத்திலோதான்.

வீட்டில் பலருக்கு இது தெரியாது. கையெழுத்துப் போட்ட நாளில் எல்லாரும் சந்தோஷத்தில் இருந்திருப்பார்கள், யாரும் பக்கம் பக்கமாகப் படித்திருக்க மாட்டார்கள். உங்கள் பிரதியைத் தேடி எடுங்கள். எத்தனை ஆண்டு, எந்த நாளிலிருந்து கணக்கு, யார் பிணை என்ற மூன்றையும் நீங்களே படித்துத் தெரிந்துகொண்டு பிறகு அப்பாவிடம் காட்டுங்கள். ஆனால் பெரியப்பா முன்னால் காட்ட வேண்டாம். அண்ணன் எதிரில் மகள் தன்னைத் திருத்தினாள் என்று ஆகிவிட்டால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் அப்பா அதை ஏற்கமாட்டார்.

அடுத்தது அந்த 35 வயது. அதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். 24 வயதில் பட்டம். அதன்பின் ஓர் ஆண்டு ஹவுஸ்மேன், அதாவது பயிற்சி மருத்துவர் வேலை, பொதுவாக 4 மாதம் வீதம் மூன்று துறைகளில். அடுத்து மருத்துவ அதிகாரி. ஆறு மாதத்துக்கு ஒரு துறை என்று மாறி மாறி ஓரிரு ஆண்டு போகும். நிபுணர் ஆவதற்கான பயிற்சியான ரெசிடென்சியில் இடம் கிடைத்தால் பொது அறுவைச் சிகிச்சைக்கு 5 ஆண்டு. முதல் முயற்சியிலேயே இடம் கிடைத்தால் 31, 32 வயதில் முடியும். ஒவ்வொரு முறை இடம் கிடைக்காமல் போகும்போதும் ஓர் ஆண்டு கூடும். பெரியப்பாவின் 35 முழுக்கத் தப்பு என்றும் சொல்ல முடியாது, சரி என்றும் சொல்ல முடியாது.

இதில் வீட்டார் கண்ணில் படாத விஷயம் ஒன்று உண்டு. பணம் கட்டிப் படிக்கும் காலம் 24 வயதோடு தீர்கிறது. ஹவுஸ்மேன் ஆன மாதத்திலிருந்து நீங்கள் சம்பளக்காரர், மசேநிதி (மத்திய சேமநிதி) சந்தாவும் ஏறும். ரெசிடென்சியில் இருப்பவரும் முழுநேர ஊழியர்தான். ஆனால் நீங்கள் வீட்டில் பேசும்போது “இன்னும் ஏழு வருஷம் ட்ரெய்னிங் இருக்குப்பா” என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அப்பாவின் காதில் அது இன்னும் ஏழு ஆண்டு வருமானம் இல்லை என்று விழுந்திருக்கும். சம்பளத்தோடு நடக்கும் பயிற்சி அவர்கள் பார்த்த வாழ்க்கையில் இல்லை. அவர்கள் அறிந்தவரை படிப்பு என்றால் செலவு, வேலை என்றால் வரவு.

அதனால் ஒரே ஒரு ஏ4 தாளில் எழுதுங்கள். மடிக்கணினியில் அட்டவணை வேண்டாம், கையால் எழுதுவதே நல்லது. இடப்பக்கம் ஆண்டும் உங்கள் வயதும். நடுவில் எங்கே வேலை. வலப்பக்கம் பணம் போகிறதா வருகிறதா என்று. 2 வரிசையில் “போகிறது”, மீதி எல்லாவற்றிலும் “வருகிறது” என்று இருக்கும். இதைப் பார்த்தவுடன் எல்லாரும் சம்மதித்துவிடுவார்கள் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் அதன்பின் நடக்கும் பேச்சு உண்மையான எண்களைப் பற்றியதாக இருக்கும்.

நான் இப்படிப்பட்ட வீடுகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: சம்மதம் கேட்காதீர்கள், ஏற்பாடு கேளுங்கள். “என் கனவைப் புரிஞ்சுக்கோங்க” என்றால் அப்பா புரிந்துகொண்டே தீர வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் தோற்றதாக ஆகும். “இரவு வேலை முடிஞ்சு வர்ற அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் என்னை எழுப்ப வேண்டாம்” என்றால் அதற்கு அவர் உங்கள் கனவைப் புரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை. நீண்ட பயிற்சியைக் கடக்க ஆசீர்வாதம் இருந்தால் நல்லது. அது இல்லாமலும் கடக்கலாம். தூக்கமும், கடனைக் கட்டும் வழியும், வீட்டில் ஓரளவு அமைதியும் இல்லாமல் கடக்க முடியாது.

எந்த ஏற்பாட்டைக் கேட்பது என்று தெரிய, எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டும். அப்பா “படிச்சது போதும்” என்கிறார். அம்மாவும் அதையே சொல்கிறார். இருவரின் பயமும் ஒன்றாக இருக்க வாய்ப்பு குறைவு. தனித்தனியாகக் கேளுங்கள், சண்டை இல்லாத நாளில். அப்பாவிடம் காரில் போகும்போது கேட்பது வசதி, முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை. “நான் அஞ்சு வருஷம் ரெசிடென்சி பண்ணினா உங்களுக்கு எதுப்பா ரொம்பக் கஷ்டமா இருக்கும்?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். முதலில் வரும் பதில் ஊர் என்ன சொல்லும் என்பதாக இருக்கும். இரண்டாவதாக வருவதைக் கவனியுங்கள்.

வாடகை கார் ஓட்டும் அப்பாவின் விஷயத்தில் அந்த இரண்டாவது பதில் பெரும்பாலும் முதுமைக்காலப் பணம். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சொந்தத் தொழில் செய்வோருக்கு மருத்துவச் சேமிப்பான மெடிசேவ் தவிர மற்ற மசேநிதிக் கணக்குகளில் கட்டாயச் சந்தா இல்லை. 2025 ஜனவரி 1 முதல் தளம்சார்ந்த ஊழியர் சட்டம் நடப்புக்கு வந்து, செயலி வழி ஓட்டும் ஓட்டுநர்களுக்கும் வழக்கமான ஊழியர்போலச் சந்தா ஏறத் தொடங்கியது. ஆனால் 1995க்கு முன் பிறந்தவர்களுக்கு அது கட்டாயம் இல்லை, விரும்பிச் சேர்ந்தால்தான் உண்டு. ஒருமுறை சேர்ந்தால் வெளியே வர முடியாது. சேர்ந்தால் கையில் வரும் பணம் குறையும் என்பதால் பலர் சேர்வதில்லை. அப்பா பல ஆண்டு ஓட்டுகிறார் என்றால் அவருடைய சாதாரணக் கணக்கில் புதிதாக எதுவும் ஏறாமல், வீட்டுத் தவணை மட்டும் அதிலிருந்து இறங்கிக்கொண்டிருக்கலாம். உங்கள் படிப்புக்கும் அதே கணக்கிலிருந்து எடுத்திருந்தால் இன்னும் வேகமாக இறங்கும்.

ஆகவே உங்கள் கட்டணம் எந்த வழியில் போகிறது என்று முதலில் பாருங்கள். இரண்டு வழிகளுக்கும் சுமை விழும் இடம் வேறு.

ஒன்று, பல்கலைக்கழகக் கட்டணக் கடன். மானியம் போக உள்ள கட்டணத்தில் 90 விழுக்காடு வரை கிடைக்கும். படிக்கும் காலத்தில் வட்டி இல்லை. பட்டம் பெற்றபின் வட்டி விழும், அதன் விகிதம் அவ்வப்போது மாறும். 20 ஆண்டு வரை தவணை கட்டலாம். பிணைக் கையெழுத்துப் போட்டவர் அப்பாவாக இருந்தால், நீங்கள் கட்டத் தவறும்போதுதான் அவர் தலையில் விழும்.

இன்னொன்று, மசேநிதிக் கல்வித் திட்டம். இதில் பணம் அப்பா அம்மாவின் சாதாரணக் கணக்கிலிருந்தே போகும், அந்தச் சேமிப்பில் 40 விழுக்காடு வரை. திருப்பிக் கட்ட வேண்டியவர் நீங்கள். அசலோடு, அந்தப் பணம் கணக்கிலேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் 2.5 விழுக்காடு வட்டியும் சேர்த்துக் கட்ட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும், 12 ஆண்டு வரை நீட்டலாம். வட்டி குறைவு என்பதால் இது நல்ல வழிபோலத் தெரியும். ஆனால் பயிற்சிக்காலம் நீளும்போது வீட்டில் சண்டை வெடிப்பது பெரும்பாலும் இந்த வழியில் போனவர்களிடம்தான். அப்பா 55, 60 என்று ஏறிக்கொண்டிருக்கையில் அவர் கணக்கு காலியாக நிற்கிறது. அதை வாய்விட்டு மகளிடம் சொல்ல அவருக்கு மனம் வராது. அதனால் “படிச்சது போதும்” என்று கோபமாக வெளிவருகிறது. நீங்கள் இந்த வழியில் போயிருந்தால், முதல் சம்பளத்திலிருந்து இந்தக் கடனுக்கு முதலிடம் கொடுங்கள். முழு 12 ஆண்டும் இழுக்க வேண்டாம்.

எண்ணைப் பார்த்தால் பயம் ஓரளவு அடங்கும். மருத்துவப் படிப்புக்கு மானியம் போகக் குடிமக்கள் கட்டுவது ஆண்டுக்கு 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்கு மேல். ஐந்தாண்டுக்கு 150,000, அதில் 90 விழுக்காடு கடன் என்றால் 135,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். வட்டி 4.75 விழுக்காடு என்று கணக்கிட்டால், 20 ஆண்டுத் தவணை மாதம் சுமார் 870 வெள்ளி, மொத்தம் 209,000க்குச் சற்று மேல். பத்து ஆண்டில் அடைப்பதானால் மாதம் சுமார் 1,415, மொத்தம் 170,000க்குச் சற்றுக் குறைவு. வித்தியாசம் ஏறத்தாழ 40,000 வெள்ளி. உங்கள் கடன் பத்திரத்தில் உள்ள தொகையையும் அன்றைய வட்டியையும் போட்டு இதே கணக்கைச் செய்துபாருங்கள். நீண்ட தவணையில் தொடங்கி, கையில் பணம் சேரும்போது கூடுதலாகக் கட்டுவது என் விருப்பம். கடனை வேகமாக அடைக்கிறேன் என்று வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்தினால் வேறு பக்கம் தீப்பிடிக்கும்.

வீட்டுக்குக் கொடுக்கும் தொகையில் பலர் செய்யும் தவறு, முதல் மாதச் சந்தோஷத்தில் பெரிதாகத் தொடங்குவது. முதல் மாதம் 1,500 வெள்ளி கொடுத்து, கடன் தவணை தொடங்கியதும் 700 ஆக்கினால், அம்மா அதைக் கடன் கணக்காகப் பார்க்கமாட்டார். மகள் மாறிவிட்டாள் என்றே நினைப்பார். முதலிலிருந்தே 700 கொடுத்திருந்தால் அந்தக் கசப்பு வந்திருக்காது. தேர்வுக் கட்டணம், பயிற்சி வகுப்பு எல்லாம் கையைக் கடிக்கும் ரெசிடென்சிக் காலத்திலும் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ, அதை ஹவுஸ்மேன் ஆன நாளிலிருந்தே கொடுங்கள். சம்பள நாளுக்கு மறுநாள் தானாகவே அம்மாவின் வங்கிக்கணக்குக்குப் போகும்படி வைத்துவிடுங்கள். கையில் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால், இரவு வேலை நடுவே ஒரு வாரம் தள்ளிப்போகும், அந்த ஒரு வாரம் பேச்சாகும்.

அப்பா 55 வயதைத் தாண்டியவரானால் இன்னொரு வழியும் உண்டு. அவருடைய ஓய்வுக் கணக்கில் போதிய சேமிப்பு இல்லாவிட்டால், ரொக்கமாக நிரப்பும் தொகைக்கு ஈடாக அரசாங்கமும் வெள்ளிக்கு வெள்ளி போடும் திட்டம் இருக்கிறது. 2025 முதல் ஆண்டுக்கு 2,000 வெள்ளி வரை, வாழ்நாளில் 20,000 வரை. வருமானம், வீட்டின் ஆண்டு மதிப்பு போன்ற தகுதிகள் உண்டு. தகுதி இருக்கிறதா என்று மசேநிதி இணையத்தளத்தில் அவருடைய சிங்பாஸ் மின்னிலக்க அடையாளம் வழி பார்க்கலாம். மாதம் சுமார் 167 வெள்ளி நீங்கள் ஒதுக்கினால், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அரசாங்கத்தின் பங்கும் சேர்ந்து அவர் கணக்கில் 4,000 ஏறியிருக்கும். இந்த மானியம் பெறும் நிரப்புத்தொகைக்கு வரிக்கழிவு கிடையாது, அதை எதிர்பார்க்க வேண்டாம். முதுமையைப் பற்றிப் பயப்படும் அப்பாவுக்கு, “ஸ்பெஷலிஸ்ட் ஆனதும் உங்களை ராஜா மாதிரி வச்சுக்கிறேன்” என்ற வாக்கைவிட, தன் கணக்கில் 4,000 ஏறியிருப்பதைக் கைப்பேசியில் பார்ப்பது எத்தனையோ மடங்கு பெரிது.

இனி அம்மாவின் பக்கம். அங்கே பணத்தைவிடக் கல்யாணம். “இப்ப வேணாம்” என்ற பதிலை மட்டும் தராதீர்கள். அதற்கு முடிவே இல்லை என்பதால் அம்மா மாதாமாதம் கேட்டுக்கொண்டே இருப்பார். எப்போது முடியும் என்று காலம் சொல்லுங்கள். ஹவுஸ்மேன் ஆண்டில் வேண்டாம். மருத்துவ அதிகாரியாக இருக்கும் ஆண்டுகள் வசதி. ரெசிடென்சி தொடங்கியபின் என்றால் முதல் சில மாதங்களையும், எம்ஆர்சிஎஸ் போன்ற அறுவைச் சிகிச்சைத் தேர்வு உள்ள மாதங்களையும் தவிர்க்க வேண்டும். பெண்களுக்கான 16 வாரப் பேறுகாலச் சம்பள விடுப்பு பயிற்சியில் இருக்கும் மருத்துவருக்கும் உண்டு. அந்த வாரங்களால் பயிற்சி முடியும் தேதி தள்ளிப்போகலாம், அவ்வளவே. பயிற்சி முடிந்தால்தான் கல்யாணம், பிள்ளை என்று யாரும் விதி வைக்கவில்லை. பல அம்மாக்கள் அப்படி ஒரு விதி இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏற்கெனவே மனதில் ஒருவர் இருந்தால், வீட்டுக்குச் சொல்லும் முன் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கணக்கைப் பார்த்துவிடுங்கள். விண்ணப்பித்தபின் கட்டித் தரப்படும் பிடிஓ வீட்டுக்கு எழுதிப் போட்டுச் சாவி கைக்கு வர மூன்று நான்கு ஆண்டு ஆகும். வருங்காலத் தம்பதி 21 வயதிலிருந்தே விண்ணப்பிக்கலாம். சாவி வாங்கிய மூன்று மாதத்துக்குள் பதிவுத் திருமணம் முடிந்திருக்க வேண்டும். இருவரில் ஒருவராவது முழுநேர மாணவராகவோ தேசியச் சேவையாளராகவோ இருந்தால், அல்லது அதை முடித்து 12 மாதத்துக்குள் இருந்தால், கடனுக்கும் மானியத்துக்குமான வருமான மதிப்பீட்டைச் சாவி வாங்கும் நேரத்துக்குத் தள்ளிவைக்க முடியும். அதாவது, நான்காம் ஆண்டு மாணவியான உங்களுக்கு இது இப்போதே திறந்திருக்கும் வழி. சம்பளம் ஏறியபின் விண்ணப்பித்தால் 14,000 வெள்ளி வருமான வரம்பும் குறுக்கே வரும். “வீட்டுக்கு எழுதிப் போட்டாச்சு, இந்த வருஷம் சாவி” என்பது அம்மாவுக்குப் புரியும் கால அட்டவணை. யாரும் இல்லையென்றால், “என்னோட மருத்துவ அதிகாரி வேலை தொடங்கின ஆறு மாசம் கழிச்சு மாப்பிள்ளை பாருங்கம்மா, அதுவரைக்கும் இதைப் பத்திப் பேச வேண்டாம்” என்று சொல்லுங்கள். அந்த ஆறு மாதம் வந்ததும் நீங்களே பேச்சை எடுக்க வேண்டும். அதில் ஏமாற்றினால் பிறகு எந்த வார்த்தையும் செல்லாது.

அன்றாட வாழ்வில் உரசல் வருவது இரவு வேலையால். இளநிலை மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு, நான்கு வாரச் சராசரியில் வாரம் 80 மணி நேரம் என்ற வழிகாட்டி வரம்பு இருக்கிறது. 80 மணி நேரம் என்பதே சாதாரண வேலையைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சில துறைகளில் காலை ஏழு மணிக்குப் போனவர் மறுநாள் மதியம் திரும்புவார். வேறு சிலவற்றில் தொடர்ந்து சில இரவுகள் மட்டும் பார்த்துவிட்டுப் பகலில் ஓய்வு. வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டுமே ஒன்றுதான்: மகள் பகல் பதினோரு மணிக்குத் தூங்குகிறாள். அந்த நேரம் பார்த்து அத்தை வருவார், மிக்ஸி ஓடும், “வந்தவங்களுக்கு ஒரு வணக்கம் சொல்ல முடியலையா?” என்ற கேள்வியும் வரும்.

இதற்குக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒரு மாதத் தாள் போதும். வேலை அட்டவணை கைக்கு வந்த அன்றே ஒட்டுங்கள். சிவப்பு என்றால் இரவு வீட்டில் இல்லை. நீலம் என்றால் அதற்கு மறுநாள், மதியம் மூன்று மணி வரை தூக்கம். பச்சை என்றால் வீட்டில்தான் இருப்பாள், எதற்கும் கூப்பிடலாம். பச்சை நாள் மாதத்தில் நான்கே இருந்தாலும் அந்த நான்கிலும் முழுதாக வீட்டில் இருங்கள், தேக்காவுக்கு அம்மாவோடு சந்தைக்குப் போங்கள். நீல நாளில் எந்தப் பெரிய பேச்சும் வேண்டாம், வீட்டார் தொடங்கினாலும் “பச்சை நாள்ல பேசலாம்பா” என்று நிறுத்திவிடுங்கள். தூங்காத மூளைக்குச் சுருக்கென்று பதில் வரும். அந்தப் பதில்தான் ஆறு மாதம் கழித்தும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படும்.

விசேஷங்களுக்கும் முன்கூட்டியே வழி செய்யுங்கள். தீபாவளி பொது விடுமுறை என்றாலும் வார்டுக்கு விடுமுறை இல்லை. தைப்பூசம் இங்கே பொது விடுமுறையே இல்லை. ஆண்டுத் தொடக்கத்தில் அம்மாவோடு உட்கார்ந்து, கட்டாயம் இருக்க வேண்டிய நாள்கள் மூன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தாத்தா திதி, ஒரு கல்யாணம், தீபாவளி என்று எதுவாகவும் இருக்கட்டும். அந்த மூன்றுக்கும் விடுப்பை உடனே எழுதிப் போடுங்கள், கிடைக்காவிட்டால் வேலை மாற்றிக்கொள்ள ஆளைப் பிடியுங்கள். மற்ற அழைப்புகளுக்கு வர முடியாது என்று முன்பே சொல்லிவிடலாம். எல்லாவற்றுக்கும் “பார்க்கிறேன்” என்று சொல்லிப் பாதிக்கு வராமல் போவதைவிட இது மரியாதை.

பெரியப்பாவுக்கு விளக்கம் சொல்லி ஜெயிக்கப் பார்க்க வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் வேண்டாம். “நீங்க சொன்னதை அப்பாகிட்ட பேசிக்கிட்டுத்தான் இருக்கேன் பெரியப்பா, முடிவானதும் சொல்றேன்” என்று ஒரே பதிலை ஒவ்வொரு முறையும் அதே மரியாதையோடு சொல்லுங்கள். அவர் பேசுவது பெரும்பாலும் உங்களிடம் அல்ல, தன் தம்பியான உங்கள் அப்பாவிடம். அப்பா மனம் மாறினால் அண்ணனுக்கு என்ன சொல்வது என்று அவரே பார்த்துக்கொள்வார். உறவில் தாதி, மருந்தாளர் என்று மருத்துவமனையில் வேலை செய்யும் மூத்தவர் யாராவது இருந்தால், அவர் அப்பாவிடம் ஒருமுறை பேசுவது நீங்கள் பத்துமுறை பேசுவதற்குச் சமம். மருத்துவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு விஷயத்தில் வீட்டார் பக்கம் நியாயம் இருக்கிறது. அறுவைச் சிகிச்சை ரெசிடென்சி இடம் உறுதியானது அல்ல. ஆண்டுதோறும் போட்டி, இடம் குறைவு. கிடைக்கும்வரை காத்திருப்பேன் என்பது திட்டம் ஆகாது. எத்தனை முறை முயல்வீர்கள், கிடைக்காவிட்டால் என்ன என்பதை நீங்களே முன்வந்து சொல்லுங்கள். உதாரணமாக, இரண்டு முறை விண்ணப்பிப்பது, கிடைக்காவிட்டால் குடும்ப மருத்துவம். அதன் ரெசிடென்சி 3 ஆண்டு. வேலை பார்த்துக்கொண்டே செய்யும் குடும்ப மருத்துவப் பட்டயம் 2 ஆண்டு. பெரியப்பா சொன்ன கிளினிக்குக்குக்கூட இதுதான் சரியான வாசல். நீளமான காத்திருப்பைப் பெற்றோர் தாங்குவார்கள், முடிவு தெரியாத காத்திருப்பைத் தாங்கமாட்டார்கள். தேர்வில் தோற்றாலோ இடம் கிடைக்காவிட்டாலோ அன்றே சொல்லிவிடுங்கள். மறைத்து, மூன்றாம் ஆள் வழியாக அது வீட்டுக்குத் தெரிந்தால், அதுவரை காட்டிய எண்கள் எல்லாவற்றின்மீதும் சந்தேகம் விழும்.

வீட்டில் உண்மையான நெருக்கடி இருந்தால், உதாரணமாக அப்பாவுக்கு உடம்பு முடியாமல் கார் ஓட்ட முடியவில்லை என்றால், ரெசிடென்சி விண்ணப்பத்தை ஓராண்டு தள்ளிப்போடுவதில் குடி முழுகிப்போகாது. அந்த ஓராண்டும் மருத்துவ அதிகாரியாகச் சம்பளமும் அனுபவமும் சேரும். நெருக்கடிக்காகத் தள்ளிப்போடுவது வேறு, சண்டையை நிறுத்துவதற்காகத் தள்ளிப்போடுவது வேறு. இரண்டாவதைச் செய்தால் அடுத்த ஆண்டும் அதே சண்டை வரும்.

எதிர்ப்பு என்ற எல்லையைத் தாண்டி, அடையாள அட்டையையோ கடப்பிதழையோ பறித்து வைப்பது, அடிப்பது, விருப்பமில்லாத கல்யாணத்துக்கு நாள் குறிப்பது என்று போனால், மேலே சொன்ன எதுவும் அதற்கு மருந்தல்ல. தேசிய வன்முறைத் தடுப்பு உதவி எண் 1800 777 0000, இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். மனம் தாங்காத இரவில் 1771 தேசிய மனநல எண்ணும், 1767 எஸ்ஓஎஸ் தற்கொலைத் தடுப்பு எண்ணும் இருக்கின்றன. வன்முறை இல்லை, ஆனால் வீட்டில் யாரும் யாரோடும் பேச முடியாத நிலை என்றால், இந்தியர் சுயஉதவி அமைப்பான சிண்டாவின் குடும்பச் சேவை நிலையத்தில் தமிழிலேயே பேசி உதவி கேட்கலாம். நடுவில் ஒரு வெளியாள் உட்காரும்போது அப்பாக்கள் குரலைத் தாழ்த்துவார்கள். பல்கலைக்கழக ஆலோசகரையும் இப்போதே ஒருமுறை பார்த்து வையுங்கள். வேலையில் சேர்ந்தபின் அதற்கு நேரம் கிடைப்பது அரிது.

கடைசியாக, உங்கள் தம்பி. தேசிய சேவை முடிந்து அவரும் மேற்படிப்புக்குப் போவார் என்றால், அப்பா இப்போதே அந்தக் கட்டணத்தையும் மனதில் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பார். கட்டணக் கடனுக்குப் பிணை நிற்பவர் 21 முதல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும். அப்பா அந்த எல்லையை நெருங்குபவராக இருந்தால் இது அவருக்குத் தனிக் கவலை. நீங்கள் அந்த வயதில்தான் இருக்கிறீர்கள். வேலையில் சேர்ந்தபின் தம்பியின் கடனுக்கு நீங்களே பிணை நிற்கலாம். அதன் பொறுப்பை முழுதாக யோசித்து, முடியும் என்று தோன்றினால் அடுத்த பச்சை நாளில் அப்பாவிடம் சொல்லுங்கள். அறுவைச் சிகிச்சை பற்றிய பேச்சை அதற்கு அடுத்த பச்சை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.